தக்காளியைத் தொடாத ஈ

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் எங்கள் பழைய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சுகன்யா போன் செய்தாள். பூச்சியியல் பிரிவில் ஒரு காலத்தில் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு வந்திருப்பவள்.

"மேடம், பூச்சி வளர்ப்பு அறையை மூடப் போறாங்க. இனிமே விவசாயி போன்ல இலையைப் படம் எடுத்தா அதுவே பேரைச் சொல்லிருமாம். எதுக்கு டப்பாவுல போட்டு வளர்த்துப் பாக்கணும்னு கேக்குறாங்க. நீங்க உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க. கூட்டத்துல நான் வாசிக்கிறேன்."

அந்தச் செயலியை நானும் போனில் இறக்கினேன். கீழக்குயில்குடி சாலையில் என் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரம் வேளைக்கீரை முளைத்திருக்கிறது. அதன் இலையில் வெள்ளைக் கோடு நெளிந்து ஓடியிருந்தது. படம் எடுத்தேன். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது: "இலை துளைப்பான். அருகிலுள்ள களைகளை அகற்றவும்."

முதல் வரி சரி. இரண்டாவது வரியை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். அதை எதிர்த்ததால்தான் நான் ஊர் மாற்றப்பட்டேன். அதனால் எழுதுகிறேன். அறையை மூடாதீர்கள் என்று கெஞ்சி எழுதவில்லை. மூடுகிறவர்கள் எதை மூடுகிறோம் என்று தெரிந்து மூடட்டும்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். வேளாண்மை படித்தேன், பூச்சியியலில் மேல்படிப்பு முடித்தேன், மதுரைக்கு வெளியே அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான படிப்பு டாக்டர் சதாசிவத்திடம்தான் தொடங்கியது.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் பென்சில். வளர்ப்பு அறை அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. ஆனாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். கடைநிலை ஊழியரையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இறங்கும். இன்னும் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்.

நான் சேர்ந்த புதிதில் அழகர்கோவில் சாலையிலிருந்து ஒரு விவசாயி அவரைச் செடியின் இலைகளைக் கொண்டு வந்தார். எல்லா இலையிலும் வெள்ளைக் கோடு. நான் பார்த்ததும் "இலை துளைப்பான், மருந்து அடிக்கணும்" என்றேன். பின்னால் நின்ற சதாசிவம் சார் மெதுவாகக் கேட்டார்.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

"கோடு தெரியுதே சார்."

"கோடு புழு போன தடம். புழு இப்ப உயிரோட இருக்கா? யாருக்காவது இரையாகிருச்சா? அதைப் பாத்தீங்களா?"

அன்றைக்கு அவர் கற்றுக் கொடுத்ததைத்தான் கடைசி வரை செய்தேன். இலையைக் காம்போடு வெட்ட வேண்டும். காம்பின் நுனியில் ஈரப் பஞ்சு சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் மை ஒற்றும் தாள், அதன் மேல் இலை. ஒரு டப்பாவுக்கு ஒரே வகைச் செடி, கலக்கவே கூடாது. டப்பாவின் மேல் பென்சிலால் எழுத வேண்டும். ஈரத்தில் மை பரவும், பென்சில் பரவாது. இலையின் இரு தோலுக்கும் நடுவே சுரண்டித் தின்னும் புழு, வளர்ந்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விழும். விழுந்து, எள்ளைவிடச் சிறிய பழுப்புக் கூடாக மாறும். அந்தக் கூட்டை மெல்லிய தூரிகையால் எடுத்துக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்ற வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். அதுதான் முக்கால்வாசி வேலை.

அந்த அவரை இலைகளிலிருந்து வந்தவை பெரும்பாலும் ஈக்கள் இல்லை, குளவிகள். கடுகுக்குள் அடங்கிவிடும் அளவு, பச்சையும் நீலமுமாக மின்னும் குளவிகள். புழுவின் மேல் முட்டையிட்டு, அதைத் தின்று வளர்பவை. அந்த வயலில் மருந்து அடித்திருந்தால் செத்திருப்பவை அவைதாம். விவசாயியிடம் "ஒன்றும் அடிக்க வேண்டாம்" என்று சொல்லியனுப்பினோம். அதற்குப் பிறகு வட்டாரத்து மருந்துக் கடைக்காரர்கள் எனக்கு 'வேண்டாம் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

பல வருடம் கழித்து ஒரு கோடையில் திருவாதவூர்ப் பக்கம் தக்காளியில் இலை துளைப்பான் கடுமையாக விழுந்தது. ஒரு காலையில் பாண்டியம்மா என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் வெளிநாட்டில் கட்டட வேலை. நிலத்தை இவர்தான் பார்த்தார். ஈரத் துணியில் சுற்றிய இரண்டு கட்டுகளை என் மேசையில் வைத்தார். ஒன்று தக்காளி இலை. மற்றது வேளைக்கீரை.

"ரெண்டுலயும் ஒரே கோடு விழுந்திருக்கு. என் வரப்பு பூரா இந்தக் கீரை நிக்குது. பறிச்சுச் சந்தைக்குக் கொண்டு போவேன். இப்ப ஊரே சேந்து, ஒன் வரப்புல இருந்துதான் பூச்சி வருது, மருந்தடிச்சு அழிக்கணும்ங்குறாய்ங்க. பக்கத்து வயல் முருகேசண்ணே கேனோட வந்து நின்னுட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆபிசரம்மாவக் கேட்டுட்டு வாரேன், அதுவரைக்கும் கை வைக்காதீங்கன்னேன். எனக்குத் தெரியாதும்மா. அதுல இருந்துதான் வருதுன்னா நானே வேரோட புடுங்கிப் போட்டுறேன். இல்லைன்னா எதுக்குப் புடுங்கணும்?"

எனக்கும் அப்போது தெரியாது. எங்கள் துறைக் கையேட்டில் ஒரு வரி இருந்தது: இலை துளைப்பானுக்கு வேளை போன்ற களைகள் இருப்பிடம், அவற்றை அழிக்கவும். எழுதியவர் சதாசிவம் சார். இரண்டிலும் கோடு ஒரே மாதிரி இருந்தது. அவற்றிலிருந்து வரும் ஈயும் வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்: கறுப்பு முதுகு, நடுவில் மஞ்சள் பொட்டு.

தனித்தனி டப்பாவில் வளர்த்தேன். தக்காளி ஈ ஒரு கூண்டில், வேளைக்கீரை ஈ வேறு கூண்டில். கூண்டு என்றால் மரச்சட்டத்தில் மெல்லிய துணி கட்டியது. ஈக்கள் குடிக்கச் சுவரில் தேன் தொட்டு வைப்போம். வேளைக்கீரை ஈயிடம் தக்காளி நாற்றை வைத்தேன். ஒரு வாரம் பார்த்தேன். இலை சுத்தமாக இருந்தது. இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஈக்கள் சோர்ந்திருக்கலாம், முட்டையிடும் பருவம் தப்பியிருக்கலாம். அவை முட்டையிடக்கூடிய வேறொரு செடியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வேளைக்கீரை கடுகுக்கு உறவு. விதை கடுகுபோல் இருப்பதைப் பார்த்துத்தான் ஊரில் அதன் மஞ்சள் பூத் தங்கைக்கு நாய்க்கடுகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே உறவில், சீக்கிரம் முளைக்கும் செடி ஒன்று வேண்டும். ஆளிவிரை ஈரப் பஞ்சில் தூவினால் மூன்றாம் நாளே பச்சை காட்டிவிடும்.

மாசி வீதியை ஒட்டிய சந்தில் காதர் பாயின் நாட்டு மருந்துக் கடை. போய்க் கேட்டேன்.

"ஆளி விதையா, ஆளிவிரையா? ரெண்டும் வேற வேற, தெரியும்ல?" என்றார். "பாதிப் பேரு இதைக் கேட்டு அதை வாங்கிட்டுப் போறாங்க. சிவப்பா, நீட்டமா, தண்ணியில போட்டா வழவழன்னு ஆகும். எங்க வீட்டுல அலீம்னு சொல்லுவோம்."

"அதுதான் பாய்."

பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார். "வீட்டுல பிரசவமா? பிள்ளை பெத்தவங்களுக்குத்தான் இதை அதிகம் வாங்குவாங்க."

"இல்லை பாய். ஈக்கு."

அவர் மடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் சொன்னதைச் சரியாகக் கேட்டோமா என்று யோசித்திருப்பார். பிறகு, "பால்ல காய்ச்சிக் குடுக்கணும்" என்று மட்டும் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினார்.

ஆளிவிரை முளைத்து இலை விட்டதும் அதையும் தக்காளி நாற்றையும் ஒரே கூண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேளைக்கீரை ஈக்களை விட்டேன். மறுநாளே ஆளிவிரை இலையில் ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அடுத்த சில நாளில் கோடு. இலை இத்தனூண்டு, புழு ஓட இடமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. இலை உரசும் தூரத்தில் நின்ற தக்காளியில் ஒரு கீறல் இல்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான்.

சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைத் துடைக்கவில்லை. எழுந்து என்னோடு வந்தார். இரண்டு கூண்டிலிருந்தும் ஆண் ஈக்களை எடுத்தார். வயிற்று நுனியைக் கிள்ளிக் காரக் கரைசலில் வேக வைத்து, கிளிசரினில் போட்டு, நுண்ணோக்கியின் கீழே வைத்தார். இந்த ஈக்களில் ஆணின் உறுப்பு ஒவ்வோர் இனத்துக்கும் வேறு வடிவம். அதை வைத்துத்தான் அறுதியாகச் சொல்ல முடியும். சார் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"பாருங்க."

பார்த்தேன். ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும், அவ்வளவு வித்தியாசம். வேளைக்கீரையில் இருந்தது கடுகுக் குடும்பத்துச் செடிகளை மட்டும் தின்னும் ஈ. தக்காளியில் இருந்தது வேறு ஈ. இரண்டு டப்பாவிலிருந்தும் வந்த குளவிகள்தாம் ஒரே இனம். தக்காளி இல்லாத மாதங்களில் அந்தக் குளவிகள் வேளைக்கீரைப் புழுவைத் தின்று பிழைத்திருந்தன. வரப்பை அழித்தால் தக்காளி ஈக்கு ஒன்றும் ஆகாது, அதைக் கொல்லும் குளவிக்குத்தான் வீடு போகும்.

"ரெண்டும் வேற இனம்" என்றார் சார். அவர் வாயால் சொன்னார். நான் என் காதால் கேட்டேன்.

அதற்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. திருவாதவூரில் களை ஒழிப்புச் செயல்விளக்கம். பந்தல், நாற்காலி, வரிசையாகக் கைத்தெளிப்பான், மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி. கையேட்டின் அந்த வரியைத்தான் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். நான் சாரிடம் நிறுத்தச் சொன்னேன். "இந்த நிகழ்ச்சி முடியட்டும். அப்புறம் முறையா அறிக்கை அனுப்புவோம்" என்றார்.

"அப்புறம் அனுப்பினா வரப்பு இருக்காது சார்."

"நீங்க வரணும்னு இல்லை. லீவு போட்டுக்கோங்க."

நான் லீவு போடவில்லை.

பந்தலில் என்னைக் களைகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சொன்னேன். "இந்தக் கீரையில இருக்குற ஈ தக்காளியைத் தொடாது. நான் வளர்த்துப் பாத்துட்டேன். சாரும் நுண்ணோக்கியில பாத்துட்டார். மருந்தடிச்சா சாகப் போறது உங்களுக்கு ஒத்தாசையா இருக்குற குளவிதான்."

கூட்டத்தில் சலசலப்பு. அதிகாரி திரும்பிச் சதாசிவம் சாரைப் பார்த்தார். "அப்படியா டாக்டர்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார். "ஆய்வு இன்னும் முடியலை" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் கோபம்கூட வரவில்லை. ஏதோ கேட்டது தப்பாகக் கேட்டதுபோல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருடம் அந்த மனிதரின் கேள்விக்குப் பயந்து ஒவ்வொரு டப்பாவையும் திறந்திருப்பேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

தெளிப்பான்காரர்கள் வயலில் இறங்கினார்கள். முன்னால் முருகேசன். பாண்டியம்மா தன் வரப்பில் போய், கீரைக்கு நடுவே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா பாண்டி, வெளயாடாத. தள்ளு" என்றார் முருகேசன். "என் தக்காளி கருகிக் கெடக்கு. போன தடவையும் போச்சு. இந்த வெள்ளாமையும் போனா நான் எங்கிட்டுப் போக? ஒனக்குக் கீரைதான் பெருசாப் போச்சா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. குரல் உடைந்திருந்தது. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

"எனக்கும் தக்காளி நிக்குதுண்ணே. அது என்ன கல்லுலயா காய்க்குது?" என்றார் பாண்டியம்மா. "அந்தம்மா வளத்துப் பாத்துட்டுச் சொல்லுது. நீங்க யாரு பாத்தீக?"

நான் பந்தலிலிருந்து இறங்கி நடந்தேன். செருப்பு சேற்றில் மாட்டியது. கழற்றி விட்டுவிட்டுப் போய் பாண்டியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். களைக்கொல்லியை மனிதர் மேல் அடிக்க யாருக்கும் துணிச்சல் வராது. முருகேசன் கைப்பிடியை அழுத்துவதை நிறுத்தினார்.

அதிகாரி பந்தல் ஓரம் வரை வந்தார். "மேடம், நீங்க அரசாங்க ஊழியர்ங்கிறதை மறந்துட்டீங்களா?"

"மறக்கலை சார். இவங்ககிட்ட உண்மையைச் சொல்லத்தான் என்னை வேலைக்கு வச்சிருக்கு."

வெயில் ஏறியது. நாங்கள் நகரவில்லை. அவர்கள் மற்ற வரப்புகளுக்கு அடித்துவிட்டு, சாப்பாடு முடித்து, வண்டியேறினார்கள். மாலையில் பார்த்தபோது சுற்றிலும் பச்சை வாடத் தொடங்கியிருந்தது. பாண்டியம்மாவின் வரப்பில் மட்டும் வேளைக்கீரை வெள்ளைப் பூவோடு நின்றது.

என்னிடம் விளக்கம் கேட்டார்கள். மன்னிப்பாக எழுதித் தரச் சொன்னார்கள். கண்டதை எழுதிக் கொடுத்தேன், மன்னிப்பு எழுதவில்லை. ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தது. நான் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது சார் கதவைத் தட்டிவிட்டு வந்தார்.

"நீங்க சொன்னது சரிதான்" என்றார்.

"அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே சார்."

"அத்தனை பேர் முன்னாடி, நான் எழுதினதை நானே தப்புன்னு..." முடிக்கவில்லை. பிறகு, "உங்களுக்கு இது புரியும்" என்றார்.

"புரியுது சார். ஏத்துக்க முடியலை. அந்த வரியை மட்டும் எடுத்துருங்க."

தலையாட்டினார். எடுக்கவில்லை. அடுத்த பதிப்பிலும் இருந்தது, அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த பதிப்பிலும் இருந்தது. எனக்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். பார்த்ததைச் சொல்லாமல் விட்டவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பற்றி நான் சொல்வேன். ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் மாட்டேன்.

அந்தப் பருவத்தின் கடைசியில் விடுப்பில் திருவாதவூர் போனேன். வரப்புகளை அழித்தவர்கள் பயிருக்கும் வாரம் தவறாமல் மருந்து அடித்திருந்தார்கள். தக்காளி இலைகள் காகிதம்போல் வெளுத்துச் சலசலத்தன. பாண்டியம்மாவின் தக்காளியிலும் கோடு இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நிறையக் கோடுகள் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுபோயிருந்தன. இலையை வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டின் முனையில் கறுத்துச் செத்த புழு தெரிந்தது. குளவி கொன்ற புழு. காய் பறிப்பு சுமாராக இருந்தது என்றார் பாண்டியம்மா. ஒரே ஒரு வயலை வைத்து நான் பெரிய முடிவு எதையும் சொல்ல மாட்டேன். அவருக்குக் காய் இருந்தது, பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான் கண்டது. முருகேசன் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறு பருவம் அவர் வரப்பில் முளைத்த வேளைக்கீரையை அவர் ஒன்றும் செய்யவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ராமநாதபுரத்திலும் அதன் பிறகு வேலை பார்த்த ஊர்களிலும் எனக்கு 'வேண்டாம் மேடம்' என்ற அதே பெயர்தான். பதவி உயர்வு எல்லோருக்கும் வந்தபிறகுதான் எனக்கு வந்தது. அதற்காக யாரிடமும் போய் நிற்கவில்லை.

பாண்டியம்மா இப்போதும் பொங்கலுக்கு, தீபாவளிக்குப் போன் பண்ணுவார். இந்த முறை பண்டிகை ஒன்றும் இல்லாமல் கூப்பிட்டார்.

"நேத்து ஆபிசுல இருந்து புதுசா ஒரு பையனைப் போட்டு அனுப்பியிருந்தாய்ங்க. வரப்பச் சுத்தம் பண்ணணும்னு கேனைத் தூக்கிட்டு வந்துட்டான்."

எனக்குப் பதறியது. "நான் வரட்டுமா? சுகன்யாகிட்ட பேசட்டுமா?"

"எதுக்கும்மா? நான் எறங்கி நின்னேன். ஏன்னு அவன் கேக்குறதுக்குள்ள முருகேசண்ணனும் வந்து நின்னுட்டாரு. அவரு பொண்டாட்டி வந்து நின்னுச்சு. பெறகு அந்தத் தெருவே வந்துருச்சு. அந்தப் பையன் பாவம், தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டான்."

"என் பேரைச் சொன்னீங்களா?"

"இல்லையே" என்றார் பாண்டியம்மா. "ஒங்க பேரு எதுக்கு? எங்க பேரையே எழுதிக்கச் சொல்லிட்டோம்."